கண்ணளவு என்றால் எவ்வளவு?

சென்னைக்கு வந்து அறை எடுத்த புதிதில், அம்மாவைப் போனில் கேட்டுக் கேட்டு நான் வைத்த முதல் புளிக்குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு. சொன்னதைப் பிசகாமல்தான் செய்திருந்தேன். "ஒரு கை உப்புப் போடுல, போதும்" என்றாள். ஒரு கை போட்டேன்.

எங்கே பிசகியது என்பது பிறகு விளங்கியது. அம்மாவின் ‘ஒரு கை’ ஐந்து விரல் நுனியால் எடுப்பது. நான் போட்டது உள்ளங்கை நிறைய. அவள் போடுவது தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு, என்னிடம் இருந்ததோ பாக்கெட் பொடி உப்பு. கல்லுப்பில் பரலுக்கும் பரலுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். பொடி உப்பு நெருக்கிப் படியும். ஆகையால் ஒரே கரண்டியால் அள்ளினாலும் பொடி உப்பு எடை கூடுதலாக வரும், கரிக்கும். போதாக்குறைக்கு அவள் மனசில் இருந்தது ஆறு பேர் சாப்பிடுகிற சட்டி, என் முன்னால் இருந்தது ஒற்றை ஆளுக்கான பாத்திரம்.

வீட்டுச் சமையலைக் கற்கப் புறப்படும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். மறைக்கிறார்களோ என்று எரிச்சல் வரும். மறைக்கவில்லை, அவர்களுக்கே அந்த அளவு தெரியாது. அவர்கள் கற்றபோது கிராமும் மில்லியும் அதில் இல்லை. வேறு என்ன இருந்தது என்பதைச் சாத்தான்குளத்து அடுப்படியை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் சமையலுக்கு ஒரு ஒன்றாம் வகுப்பு உண்டு. சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. மார்கழி மாதம் வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். அந்த உருண்டைகளைத் தினமும் எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். பெண்பிள்ளைகளுக்காக முற்றத்தில் களிமண்ணால் ஒரு குட்டி வீடு எழும்பும், உள்ளே சுவர் வைத்து, அடுப்படி வைத்து. பெரிய பொங்கல் முடிந்தபின் தை மாதத்தில் ஒருநாள், அந்தச் சின்ன வீட்டின் முன்னால் சின்ன அடுப்பில் சின்னப் பானையை ஏற்றிப் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சேர்த்து வைத்த எருவில் சூடம் கொளுத்தித் தாமிரபரணியில் விடுவார்கள். சாத்தான்குளம் ஆற்றை விட்டுத் தள்ளி இருக்கிற தேரிக்காட்டு ஊர், எங்களுக்குக் குளம்தான்.

அந்தச் சின்ன அடுப்பில் என்ன நடக்கிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். அரிசி நிஜம், பால் நிஜம், தீயும் நிஜம். அளவு மட்டும் சின்னது. கெட்டுப் போனால் போவது இரண்டு கை அரிசி. எங்கள் அக்கா பொங்கல் வைக்கிற அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேலை சில்லாட்டையும் காய்ந்த மட்டையும் பொறுக்கிக் கொண்டுவருவது. சில்லாட்டை சடசடவென்று எரிந்து அடங்கிவிடும், மட்டை நின்று எரியும். பொங்கி வருகிறபோது அக்கா திடுக்கிட்டுப் போய்ப் பானையைத் தூக்கப் பார்த்தாள். திண்ணையில் இருந்த ஆச்சி எழுந்திருக்கவில்லை. "ஏட்டி, பானையை ஏன் தொடுக? விறகை இழு" என்றாள். தீயைக் குறைப்பது எப்படி என்ற பாடம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

பொம்மைச் சமையல் பழைய விளையாட்டு. மணலில் கட்டுவது சிற்றில், ஆக்குவது சிறுசோறு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று இருக்கிறது: சிறுமியர் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை வந்து மிதிப்பான், மிதிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அந்தப் பருவத்தை நானும் குறைவில்லாமல் கழித்தேன். பின்னால் சென்னையில் உப்புக்குழம்பு குடிக்க நேர்ந்தது அதற்கான தண்டனை என்று அக்கா இன்றும் சொல்கிறாள்.

ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு வருவது ஏவல் வேலை. உள்ளி உரி. சுளவில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கு. முருங்கைக்கீரையை உருவு. தேங்காய் துருவு. கொஞ்சம் கை தேறியதும் அம்மியில் துவையல் அரை. அடுத்து, "நான் கடைக்குப் போய்ட்டு வாரேன், உலையைப் பாத்துக்கோ." கடைசியாகத்தான் தாளிப்பும் உப்பும் கைக்கு வரும். உப்புப் போடும் உரிமை எங்கள் வீட்டில் லேசில் கைமாறியதில்லை. கல்யாணமாகி வந்த மயினிக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததில்லை. பிசகினால் எவ்வளவு நட்டம் என்பதை வைத்து அடுக்கியது. உள்ளியைக் கோணல்மாணலாக உரித்தால் ஒன்றும் குடி முழுகாது. உப்புக் கூடினால் ஆறு பேருக்கும் சோறு இல்லை. ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் ஆப்பிரிக்காவில் லைபீரிய நாட்டுத் தையல்காரர்களிடம் இதையே கண்டார். அங்கே தொழில் பழகவரும் பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடித்து அடிப்பான். பிறகு தையல். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் தப்பாக வெட்டிய துணி போனது போனதுதான். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து அவர் 1991இல் வெளியிட்ட புத்தகத்தில் இது வருகிறது. பொத்தான் தைக்கிற நாளிலேயே சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்பது அந்தப் பையனின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. உள்ளி உரிக்கிற பிள்ளையும் அப்படித்தான். கை உள்ளியில் இருக்கும், காதும் மூக்கும் அடுப்பில் இருக்கும்.

வீட்டுச் சமையலின் அளவுகோல் அந்தக் காதும் மூக்கும்தான். எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அம்மாக்களிடம், எப்போது என்று கேட்டுப் பாருங்கள், பதில் கொட்டும். கடுகு வெடித்து அடங்கினதும். பச்சை வாசம் போனதும். எண்ணெய் பிரிந்ததும். நுரை கூடினதும். ஒவ்வொன்றும் ஓர் அடையாளம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் அடையாளம் மறக்காது.

முதலில் சோறு. கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டு, வெந்துவருகிறபோது ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே இன்னும் வேகவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி, தளதளவென்று கொதிக்கும் நிறையத் தண்ணீரில் வடித்துச் செய்கிற சோற்றுக்குச் சரி. தண்ணீர் சுழன்றுகொண்டே இருப்பதால் எல்லா அரிசிக்கும் ஒரே சூடு. குக்கரில் அளந்து ஊற்றி வைத்த சோற்றுக்கு அந்தப் பழமொழி செல்லாது. அடியில் குழைந்தும் மேலே விறைத்தும் இருக்கலாம். அங்கே தண்ணீர் அளவுதான் எல்லாம், அதனால்தான் குக்கர் வந்தபிறகு அளவும் அடுப்படிக்குள் வந்தது.

பருப்புக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் வட்டாரத்தில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். ஒன்று இனிக்கும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற இன்னொன்று கரிக்கும். ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லதா என்பதற்குப் பழைய ஆட்கள் வைத்திருந்த சோதனை, அதில் பருப்பு வேகுமா என்பது. ஆச்சி குளிக்க, துவைக்க ஒரு கிணறும், பருப்புக்கு என்று இன்னொரு கிணறும் வைத்திருந்தாள். பருப்புத் தண்ணீருக்காக ஒரு குடம் தூரத்திலிருந்து இடுப்பில் வரும். "உன் பருப்பு இங்கே வேகாது" என்று யாரோ முதலில் சொன்னது எங்கள் ஊர்க் கிணற்றடியில் வைத்துத்தான் என்று நான் நம்புகிறேன், ஆதாரம் கேட்காதீர்கள்.

காரணம் இது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு மலர்ந்து குழையும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்கிப் பிடித்துவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு விதையாகவே நிற்கும். சோடா உப்புப் போட்டால் இளகும், ஆனால் கூடிப்போனால் சோப்பு வாசம் அடிக்கும், பி1 வைட்டமினும் போகும். புளிக்கும் இதே குணம்: அமிலத்தில் பெக்டின் லேசில் கரையாது. ஆகவேதான் பருப்பைத் தனியே வேகவைத்த பிறகு புளியை விடுகிறோம், கத்தரிக்காயை வதக்கிய பிறகு புளித்தண்ணீர் ஊற்றுகிறோம். வேகாத காயைப் புளியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பொழுது விடியும். பருப்பில் உப்பை முதலிலேயே போட்டால் வேகாது என்று சொல்வார்களே, அது மட்டும் ஆதாரமில்லாத பயம். உப்பின் சோடியம் பருப்பை இளக்கத்தான் செய்யும். ஆச்சி இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

தாளிப்பு காதால் செய்கிற வேலை. கடுகுக்குள் துளி ஈரம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் அது ஆவியாகித் தோலை உடைக்கும், அதுதான் வெடி. ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்த்தால் எண்ணெயின் சூடு தெரிந்துவிடும். வெடிச்சத்தம் ஓய்கிற நேரத்தில் உளுந்தம்பருப்பு, அது சிவக்கும்போது வற்றல், கடைசியில் கருவேப்பிலை. எது அதிகச் சூடு தாங்குமோ அது முதலில். வெந்தயம் ஒரு நொடி கூடினால் கசந்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை எங்கள் அடுப்படியில் தாளிக்கிற வாசம் வந்ததும் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தே, "வெந்தயம் கருகிட்டு, தூரக் கொட்டிட்டு வேற தாளி" என்பாள். கண்ணால் பார்க்கவே இல்லை.

பாகும் அப்படித்தான், அங்கே விரல் வேலை செய்யும். கிறிஸ்துமஸ், தீபாவளி நெருங்கினால் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி முந்திரிக்கொத்து உருட்டுவார்கள். வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், கருப்பட்டிப் பாகு. கருப்பட்டியைத் தட்டி நீரில் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் காயட்டும், உருண்டால் பதம். பாகில் தண்ணீர் வற்ற வற்ற அது கொதிக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும். மெத்தென்று உருளும் பதம் வெள்ளைச் சர்க்கரைப் பாகில் ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். மேல்நாட்டுச் சமையற்காரர் வெப்பமானியில் படிப்பதை இங்கே ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு விரலும் சொல்லிவிடுகின்றன. பதம் தப்பிய பாகை யாரும் கொட்டுவதில்லை, பிள்ளைகளுக்கு நக்கக் கிடைக்கும். பாகு பழகும் கூட்டத்தில் பிள்ளைகள் விலகாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம். பக்கத்தில் முதலூர். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு அதன் புகழ் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் மஸ்கோத் அல்வாவால் நிற்கிறது. அங்கேயும் கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வருவதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை.

சொதியைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கத்து மறுவீட்டு விருந்தில் வரும் தேங்காய்ப்பால் குழம்பு. இரண்டாம், மூன்றாம் பாலில் காய் வேகும். முதல் பால் கடைசியில், அதுவும் ஊற்றிக் கொதிக்க விடாமல் நுரை கூடியதும் இறக்க வேண்டும். கொதித்தால் பாலின் புரதம் கட்டிக்கொண்டு எண்ணெய் தனியே பிரியும், திரிந்துவிட்டது என்பார்கள். குழம்பில் எண்ணெய் பிரிந்தால் நல்ல அடையாளம், சொதியில் அதே பிரிவு கெட்ட அடையாளம். புதிதாகக் கற்பவர் குழம்புவது இங்கேதான்.

இதையெல்லாம் எழுதி வைக்கலாமே என்று கேட்கலாம். எழுதினார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை 1951இல் வெளியிட்டார். உறவுப் பெண்கள் செய்முறை கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட, புத்தகமாகவே போட்டுவிடேன் என்று மாமா சொன்னதில் பிறந்தது அது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல்தான் வந்தது. அதுவரை வீட்டுக்குள் புழங்கியது படியும் உழக்கும் ஆழாக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் புடவைக்கு நடுவே அந்தப் புத்தகமும் போயிற்று, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போயிற்று. ஆனால் அது ஒரு பிராமண வீட்டு அடுப்படியின் புத்தகம். எங்கள் மீன்சட்டிக்கு அதில் இடமில்லை. தேரிக்காட்டுக் கருவாட்டுக் குழம்பு இன்னும் வாய்வழியாகவே போகிறது. யூடியூப் வந்தபிறகு அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. அதில் கண்ணுக்கும் காதுக்கும் தீனி இருக்கிறது. மூக்குக்கும் விரலுக்கும் இல்லை, அதுபோக உங்கள் கிணற்றுத் தண்ணீர் பற்றி அந்த வீடியோக்காரருக்கு எதுவும் தெரியாது.

ஆண்பிள்ளைகள் கதை வேறு. அடுப்படிப் பக்கம் போனால் "உனக்கென்னல இங்க வேலை" என்று விரட்டப்பட்டவர்கள்தான் மும்பையிலும் சென்னையிலும் மளிகைக் கடை வேலைக்குப் போய், கடை மாடியில் முறை வைத்துச் சமைத்துக் கற்றார்கள். பெண்களுக்குப் பத்து வருஷம் ஆன படிப்பு அவர்களுக்கு இரண்டு மாதத்தில், பட்டினியும் வசவும் தந்த வேகத்தில். பெரிய சமையல் என்றால் அது ஆண்கள் கையில்தான், கல்யாணத்துக்குத் தவசுப்பிள்ளை, கோயில் கொடைக்குப் படைப்புச் சோறு. படைப்புக்குச் சமைக்கிறவர் சாமிக்கு வைக்கும் முன் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. ஆவியை முகர்ந்து உப்புச் சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முதன்முதலாகத் தனியே சமைக்கிறவருக்கு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு ஒரு புதுமணப்பெண்ணின் அடுப்படி. கூடலூர் கிழார் பாடியது. கையால் தயிரைப் பிசைந்திருக்கிறாள், அந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்திருக்கிறாள், தாளித்த புகை கண்ணில் ஏறியிருக்கிறது. புளிக்குழம்பை அவளே துழாவி வைத்திருக்கிறாள். கணவன் உண்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. பார்த்துவிட்டுவந்து சொல்பவள் அவளை வளர்த்த செவிலி. குழம்பு உண்மையில் எப்படி இருந்தது என்பது பாட்டில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

இனி, ஊரில் அம்மாவும் பட்டணத்தில் நீங்களுமாக இருந்தால் செய்யக்கூடியது. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு எடுத்துப் போங்கள். அம்மா போடுவதை அளக்க வேண்டாம், அளக்கக் கேட்டால் அவள் கை தடுமாறும். சமைக்கும் முன் உப்பு டப்பா, புளிப்பானை, மிளகாய்த்தூள் பாட்டில் மூன்றையும் நிறுத்துக் குறியுங்கள், சமைத்தபின் மறுபடி நிறுங்கள். குறைந்ததுதான் அவள் கண்ணளவு. நான் அப்படிச் செய்து பார்த்தேன். மூன்று நாள் மூன்று குழம்பு, உப்பு அவ்வளவாக மாறவில்லை, புளி மாறியது. ஏன் என்றேன். "நேத்து பழைய புளி, இன்னைக்குப் புதுப் புளி, நெறத்தப் பாக்கலியா?" என்றாள். பார்க்கவில்லை.

அறைக்குத் திரும்பி மீன்குழம்பு வைத்தேன். தேங்காய் அரைத்து ஊற்றி, உப்பும் உறைப்பும் கொஞ்சம் தூக்கலாகவே வைத்து, மீனை எப்போது போடுவது என்று கேட்கப் போன் போட்டேன். பெரியதாழையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விற்கிற மீனில் பழகியவள் அவள். மீனைப் போட்டுவிட்டால் கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றத்தான் வேண்டும். எனவே அதற்கு முன்பே குழம்பு சரியாகி இருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரமாக் கொதிக்கு?"

"பத்து நிமிஷம்."

"நிமிஷத்த யாரு கேட்டா? போனைச் சட்டிப் பக்கத்துல காட்டு."

காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தண்ணிச் சத்தந்தான் கேக்கு. வத்தட்டும். பொத்து பொத்துன்னு கேக்கும், அப்பப் போடு. போனை வைக்காத, நான் இருக்கேன்."